வலைக்குத் துவர் ஊட்டிய காலம்

பெரியநீலாவணையில் தொடங்கித் தெற்கே மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று, ஓரூரின் எல்லை முடியுமுன்னே அடுத்த ஊரின் பள்ளிவாசல் மினாராவோ கோயிற் கோபுரமோ கண்ணிற்படும்படி நெருங்கிக் கிடக்கின்ற கரையோரத்தையும் அதன் மேற்கே விரிந்த வயல்களையும் காடுகளையும் 1961ஆம் ஆண்டில் மட்டக்களப்பிலிருந்து பிரித்து அம்பாறை மாவட்டம் என்று பெயரிட்டார்கள். பிரிவினைக்கு முன்னும் பின்னும் அக்கரையோரத்துச் சனங்களின் ஜீவனோபாயம் மேற்கே வயல், கிழக்கே கடல் என்ற இரண்டாகவே இருந்துவந்தது. மருதமுனைக்கு மாத்திரம் மூன்றாவதாகத் தறியும் உண்டு. வியாபாரத்தை நான் தனியே எண்ணவில்லை. விளைந்ததையும் பிடிபட்டதையும் நெய்ததையும் விற்பதற்காக உண்டானதுதானே அது!

இவற்றுள் நிலத்தின் சரித்திரம் ஒருவாறு எழுதப்பட்டுவிட்டது. போர்த்துக்கேயரால் துரத்தப்பட்ட முஸ்லிம்களில் ஏறத்தாழ 4,000 பேரைக் கண்டியரசன் செனரத் 1626ஆம் ஆண்டளவில் மட்டக்களப்புப் பிரதேசத்திலே குடியேற்றினான் என்பதும், அங்கே ஏற்கெனவே வாழ்ந்த முக்குவரோடு அவர்கள் கொண்ட தொடர்பும், தாய்வழியே வருகின்ற குடி முறையும், காணியும், அதற்குடைய போடியாரும், அதில் வேலை நடத்திய முல்லைக்காரரும் நூல்களில் இடம் பெற்றிருக்கின்றன. கடலுக்குக் கிடைத்த பக்கங்கள் அவற்றினும் குறைவு. அதிலும் தோணி கடலுக்குள் இறங்குமுன்னே கரையில் நடந்த வேலைகளுக்குக் கிடைத்தவை மிகமிகக் குறைவு. அவ்வேலைகளுள் ஒன்றாகிய, வலையை அழுகாமற் காக்கும் வித்தையைப் பற்றியே இங்கே சொல்லப் புகுந்தேன்.

வாடைக்காற்று ஓய்ந்து, மாசி பங்குனியில் கடல் தணிந்து, கச்சான் வீசுகின்ற மாதங்கள் முழுதும் கிழக்குக் கரையில் மீன்பிடிக் காலம். அக்காலத்தின் அரசன் கரைவலை. ஒரு தலைக் கயிற்றைக் கரையிலே விட்டுவிட்டுத் தோணியில் வலையை ஏற்றிச் சென்று, அரைவட்டமாகக் கடலில் இறக்கி, மறுதலைக் கயிற்றோடு வேறோரிடத்திற் கரை சேர்ந்து, இருபுறமும் இரண்டு அணியினர் நின்று அம்பாப் பாடல் பாடிக்கொண்டு மணிக்கணக்காக இழுத்தால், நடுவிலுள்ள மடியில் கீரியும் சூடையும் பாரையும் வந்து சேரும். வராமற் போகும் நாள்களும் உண்டு. வலைக்குடையவர், தோணியை நடத்துகின்ற தண்டயல், இழுப்பவர் என்று மீன் பங்காகப் பிரியும்போது வலைக்கும் ஒரு பங்கு உண்டென்பதிலிருந்தே அது எத்தகைய முதல் என்பது விளங்கும். தோணி பழுதானால் இரவல் தோணியில் போகலாம். மடி கிழிந்தால் அன்றைய கடல் முழுவதும் வீண்.

பழைய கரைவலையின் உறுப்புகள் ஒரே பொருளால் ஆனவையல்ல. இருபுறமும் நீண்டு மீனை மறித்து ஒதுக்குகின்ற பெரிய கண்களையுடைய பகுதிகளைத் தேங்காய்த் தும்புக் கயிற்றாலே பின்னினார்கள். மீன் வந்து குவிகின்ற மடியைப் பருத்தி நூலாலோ சணல் நூலாலோ நெருக்கமாகப் பின்னினார்கள். தும்பு முரடு, மடிக்கு உதவாது; பருத்தி மெல்லியது, ஆனால் நிலைக்காது. இந்தத் தராதரத்தின் காரணம் பொருள்களின் உட்கூறிலே இருக்கின்றது.

பருத்தி என்பது ஏறக்குறைய முழுவதும் செலுலோசு. செலுலோசோ, ஆயிரக்கணக்கான குளுக்கோசு அலகுகள் ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலியாக நீண்ட பல்பகுதியம். கடல்நீரிலும் ஈரமணலிலும் சேற்றிலும் வாழ்கின்ற சிலவகைப் பற்றீரியாக்கள் தமக்கு வெளியே நொதியங்களைச் சுரந்து அந்தச் சங்கிலியைத் துண்டித்துச் சர்க்கரையாக்கி உண்டு பெருகுகின்றன. மண்ணிலே வாழும் இத்தகைய கிருமியொன்றை இங்கிலாந்தின் ரொதாம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் ஹட்சின்சன், கிளேட்டன் என்னும் இருவர் 1919ஆம் ஆண்டில் விவரித்தார்கள். குளிர்நாட்டுக் கடலில் மெல்ல நடக்கும் இந்த அழிவு நம் கடலின் வெப்பத்தில் விரைந்து நடக்கும். மீனின் வழும்போடு ஈரம் காயாமற் குவித்து வைத்த வலையில் இன்னும் விரைந்து நடக்கும். குவியலுக்குள் கைவிட்டால் சூடு தெரியும். காப்பில்லாத பருத்தி வலை வெப்பமண்டலக் கடலில் சில வாரங்களிலேயே பலமிழந்துவிடும். பற்றீரியா என்ற பெயரையே கேளாத மீனவனும் இதனை நூலின் வாசனையாலும், இரு விரலால் இழுத்து அறுத்துப் பார்க்கும் சோதனையாலும் நன்கறிந்திருந்தான்.

தும்பு தாங்குவதற்குக் காரணம் வேறு. தேங்காய் மட்டையைக் களப்போரச் சேற்றிலே மாதக்கணக்காகப் புதைத்து வைக்கும்போது, நாரோடு நாரை ஒட்டிவைத்திருக்கும் பசைப் பொருள்களைப் பற்றீரியாக்கள் தின்று தீர்க்கின்றன. ஆனால் நாரின் சுவரில் மிகுந்திருக்கும் இலிக்னின் என்ற வேறொரு இயற்கைப் பல்பகுதியம் அவற்றின் பற்களுக்கு எளிதில் இடங்கொடுப்பதில்லை. மரத்தை மரமாக நிமிர்த்தி வைத்திருப்பதும் இந்த இலிக்னினே. ஆகையால் கிருமிகளின் உழைப்பாலேயே பிறந்த கயிறு, கிருமிகளை எதிர்த்து நிற்கவும் செய்தது. பருத்திக்கு இந்தப் பிறவிக் கவசம் இல்லை. அதற்கு மனிதன்தான் ஒன்றைப் போர்த்தவேண்டியிருந்தது.

அந்தப் போர்வை மரங்களிலிருந்து வந்தது. இலங்கைக் கரையோரத்து மீனவர் இதற்கெனப் பயன்படுத்தியவற்றுள் இரண்டு முக்கியமானவை. ஒன்று, ஆற்றங்கரைகளிலே அடர்ந்த நிழலோடு வளர்கின்ற பனிச்சை மரத்தின் காய். மட்டக்களப்புக்கு வடக்கேயுள்ள பனிச்சங்கேணி அம்மரத்தின் பெயரைச் சுமந்தே இன்றும் விளங்குகின்றது. மற்றொன்று, களப்புகளிலும் ஆற்றுமுகங்களிலும் ஊன்றுவேர்களை நட்டு நிற்கின்ற கண்டல் மரத்தின் பட்டை. மட்டக்களப்பு வாவி தெற்கே கல்முனைப் பகுதிவரை நீண்டு கிடப்பதாலும், கோமாரியிலும் பாணமையிலும் வேறு களப்புகள் இருப்பதாலும் இக்கரையினருக்குக் கண்டல் எட்டாப் பொருளன்று.

பனிச்சங்காயைப் பழுக்கவிடாமற் பறித்து இடித்து, தண்ணீரில் சில நாள்கள் ஊறவிட்டுப் பிழிந்தால், மூக்கைத் துளைக்கும் வாடையோடு பிசுபிசுப்பான சாறு கிடைக்கும். அதற்கு அடுப்பு வேண்டுவதில்லை. கண்டற் பட்டையையோ துண்டுதுண்டாக நறுக்கிக் கந்தூரிச் சோறாக்கும் கிடாரத்தைப் போன்ற பெரும் பாத்திரத்திலிட்டு, நீர் செம்பழுப்பாக மாறும்வரை காய்ச்சவேண்டும். இரும்புப் பாத்திரமானால் கஷாயம் கறுத்துவிடும்; துவர்ப்பொருளும் இரும்பும் கூடினால் பழைய எழுதுமை உண்டாகும் என்ற சங்கதியே அங்கேயும் நடக்கிறது. காய்ச்சிய கஷாயத்தில் வலையை இரவு முழுதும் ஊறவைத்து, எடுத்து மணலில் விரித்து வெயிலில் உலர்த்தி, மறுபடியும் ஊறவைத்து மறுபடியும் உலர்த்த வேண்டும். வெயிலும் காற்றும் படப்பட நூலில் ஊறிய சாறு காற்றின் பிராணவாயுவோடு கூடிக் கருமையேறி இறுகும். வெட்டிவைத்த பச்சைப் பாக்கு சிவப்பதும் இதே கிரியைதான். புது வலையின் வெள்ளை நிறம் போய் மண்ணிறம் வந்த பிறகே அதைக் கடலுக்குத் தகுதியான வலையென்று மதித்தார்கள். அந்த நிறத்தை மீன் எளிதிற் காண்பதில்லை என்றும் நம்பினார்கள்.

பனிச்சங்காயின் சாறு வலையோடு நிற்கவில்லை. தோணிப் பலகைகளின் இடுக்கை அடைக்கவும், அடிப்புறத்தில் பூசவும் அது பயன்பட்டது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் ஆண்டுதோறும் நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகை அவர்களின் பேரால் கொடியேறுவதைத் தமிழ்நாட்டு வாசகர்களும் கேள்விப்பட்டிருக்கலாம். நடுக்கடலில் ஓட்டை விழுந்த கப்பலை, நாகூரிலிருந்தபடியே கையிலிருந்த கண்ணாடியை எறிந்து அடைத்தருளினார்கள் என்பது அவர்களைப் பற்றி வழங்குகின்ற அற்புதங்களாகிய கராமத்துகளுள் ஒன்று. கடலோடிகளின் காவலராக அவர்களைக் கொண்டாடிய இந்தச் சனங்கள், தங்கள் தோணியின் இடுக்குக்கு மட்டும் பனிச்சங்காயை நம்பியது பக்திக் குறைவினால் அன்று.

இனி, இந்தத் துவர் கிருமியை எவ்வாறு மறித்தது என்று பார்ப்போம். கண்டற் பட்டையிலும் பனிச்சங்காயிலும் உள்ள துவர்ச்சத்தைத் தனின் என்பார்கள். சிறுசிறு மூலக்கூறுகள் பல சங்கிலியாகப் பிணைந்த இயற்கைப் பல்பகுதியம் அது. அதன் சுபாவங்களுள் தலையாயது புரதத்தைப் பற்றிக்கொள்வது. சங்கிலியின் நெடுகிலும் நீட்டிக்கொண்டிருக்கும் ஐதரொட்சில் கூட்டங்கள் புரதத்தின் பல இடங்களை ஒரே சமயத்தில் கவ்விப் பிடிப்பதால், புரதம் கரையாத மண்டியாகத் திரண்டுவிடுகின்றது. பச்சைப் பாக்கைக் கடித்தவுடன் வாய் வறண்டு நாக்குச் சுருங்குவது, எச்சிலிலுள்ள புரதங்களைத் தனின் இவ்வாறு திரளச் செய்வதால்தான். ஆகவே கஷாயத்தின் வலுவை அறிய நாக்கைவிடச் சிறந்த கருவி ஒன்று மீனவனுக்குத் தேவைப்பட்டிராது.

நொதியங்களும் புரதங்களே. வலைநூலை அறுப்பதற்காகப் பற்றீரியா சுரக்கின்ற நொதியம் நூலை அடையுமுன்னே தனினிடம் அகப்பட்டுச் செயலிழக்கின்றது. அகப்படாது தப்பியதும் தனின் படிந்த செலுலோசுச் சங்கிலியை அணுக முடியாமல் திகைக்கின்றது. கிருமியின் புறச்சுவரிலுள்ள புரதங்களையும் தனின் பற்றி அதன் உணவுப் போக்குவரத்தைக் கெடுக்கின்றது. இவற்றோடு, வளர்ச்சிக்கு இன்றியமையாத இரும்பைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு, அதைக் கிருமிக்குக் கிடைக்காமற் செய்கின்றது. சோற்றைக் கண்முன்னே வைத்துவிட்டுக் கையைக் கட்டிப்போடுகின்ற இந்த உபாயத்தை யாரும் சோதனைச்சாலையில் கண்டுபிடிக்கவில்லை; மரங்களே தம்மைத் தின்ன வருகின்ற பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் எதிராக வளர்த்துக்கொண்ட தற்காப்பை, மீனவன் தன் நூலுக்கு இரவல் வாங்கினான். வயிற்றுக்கடுப்புக்கும் பேதிக்கும் நாட்டு வைத்தியர்கள் பனிச்சங்காயையும் மாதுளந்தோலையும் கொடுத்ததன் அடிப்படையும் இத்துவரே.

மருதமுனைத் தறிக்காரன் தன் பாவு நூலுக்குக் கஞ்சி ஊட்டினான். பக்கத்துக் கடற்கரைக்காரன் தன் வலைநூலுக்குத் துவர் ஊட்டினான். கஞ்சியும் ஓர் இயற்கைப் பல்பகுதியமே. எனினும் அது கிருமிக்கு விருந்து, துவர் கிருமிக்கு விலக்கு. நெய்து முடிந்ததும் கழுவிப் போகவேண்டியதொன்று, கடல் முடியும்வரை நிற்கவேண்டியது மற்றொன்று.

இது ஓரூரின் தனிச்சொத்து என்று பெருமையடிப்பதற்கில்லை. வங்காளத்தில் ஆற்றுப்படகுகளின் அடியில் இதே பனிச்சங்காய்ச் சாற்றைப் பூசினார்கள். யப்பானில் அதன் ஒன்றுவிட்ட உறவான மரத்தின் பச்சைக்காயைப் புளிக்கவைத்த ககிஷிபு என்னும் சாற்றை வலைக்கும் காகிதத்துக்கும் துணிக்கும் ஏற்றினார்கள். பிரித்தானியக் கடற்கரைகளில் ஓக் மரப்பட்டை போதாமற்போன பின், பர்மாவிலிருந்து காசுக்கட்டியைக் கப்பல் கப்பலாக இறக்கி வலையையும் பாயையும் தோய்த்தார்கள். பழைய ஓவியங்களில் அந்நாட்டு மீன்பிடிப் படகுகளின் பாய்கள் செம்பழுப்பாகத் தோன்றுவது ஓவியனின் கற்பனையன்று. நாம் வெற்றிலையோடு சேர்த்து மெல்லுகின்ற அதே காசுக்கட்டிதான் அது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தமிழ் முஸ்லிம்கள் வளர்த்த தோற்பதனிடும் தொழிலோ ஆவாரம்பட்டையின் துவர்மேல் எழுந்தது. தோலும் புரதமாதலால் துவர் அதனை இறுகப் பற்றி, கிருமி தின்ன முடியாத பதமாக மாற்றிவிடுகின்றது. வலையிலே துவர் நூலோடு அவ்வளவு இறுக ஒட்டுவதில்லை. அதுவே இவ்வித்தையின் குறை.

கடல்நீர் துவரைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே இருக்கும். ஆதலால் ஒருமுறை ஊட்டியதோடு கடமை முடியாது. பருவம் முழுதும் திரும்பத் திரும்ப விறகு தேடி, பட்டை தேடி, காய்ச்சி, ஊறவைத்து, உலர்த்த வேண்டும். ஐரோப்பியர் இக்குறையைத் தீர்க்க மயில்துத்தம் என்னும் செம்பு உப்பையும் டைக்குரோமேற்று உப்புகளையும் துவரின்மேல் ஏற்றி அதை நூலோடு கெட்டிப்படுத்தினார்கள். செம்பு உப்பு தானும் கிருமிக்கு நஞ்சாதலால் இரட்டைக் காவலாயிற்று. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 1957ஆம் ஆண்டு ஹம்பேர்க் நகரில் கூட்டிய சர்வதேச மீன்பிடிக் கருவிகள் மாநாட்டில் வலைக் காப்பு முறைகள் விவாதிக்கப்பட்டன. ஆனால் அம்மாநாட்டிலேயே அவ்விவாதத்தைப் பழங்கதையாக்கப் போகின்ற பொருளும் வந்து உட்கார்ந்திருந்தது.

அமெரிக்காவின் டியூப்பொன் கம்பனியில் வாலஸ் கரோதேர்ஸ் 1935இல் ஆக்கிய நைலோனும் பல்பகுதியமே. ஆயினும் அதன் சங்கிலியை அறுக்கத் தெரிந்த நொதியம் கடற்கிருமிகளிடம் இல்லையென்றே சொல்லலாம். இலங்கையில் 1958இல் இயந்திரப் படகுகள் பரவத் தொடங்கியதையொட்டி, நைலோன் நூலும் ஊரூராக வந்து சேர்ந்தது. விலை அதிகம், அதற்குக் கடன்பட வேண்டும், கடன் கொடுத்தவருக்கே மீனைக் கொடுக்க வேண்டும். அவ்வளவும் தெரிந்தே மீனவன் அதனை ஏற்றான். காய்ச்ச வேண்டாம், உலர்த்த வேண்டாம், ஈரத்தோடு தோணியிற் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்ற சுகத்தை அனுபவித்தவன் பழைய கிடாரத்துக்குத் திரும்புவானா? கரையிலிருந்து நைலோனை நிந்திப்பவர்கள் ஒருநாளேனும் நனைந்த கரைவலையைத் தோளில் சுமந்து உலர்த்திப் பார்க்க வேண்டும். பட்டை உரித்த கண்டல் பட்டுப்போகும் என்பதையும் மறைப்பதற்கில்லை. இன்றைய சனத்தொகைக்கேற்ப எல்லா வலைக்கும் கண்டலை உரித்திருந்தால், வாவிக்கரையில் கண்டல் மிஞ்சியிராது.

எனினும் ஒரு வித்தியாசத்தைச் சொல்லாமல் விட முடியாது. பாறையிற் சிக்கி அறுந்த பழைய வலை, மனிதன் கைவிட்ட அன்றே தன் காவலை இழக்கத் தொடங்கும். புதிதாகத் துவர் ஊட்டுவாரில்லாமையால் இருந்த துவர் கரைந்து, பற்றீரியா நூலைத் தின்று, கடல் தன்னிடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அறுந்த நைலோன் வலையோ எவருக்கும் பயனின்றி ஆண்டுக்கணக்கில் மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே கிடக்கும். நைந்தாலும் மறையாமல் பொடிப்பொடியாகி நீரிலும் மணலிலும் தங்கும். கிருமி தின்னாத பொருளை விரும்பிக் கேட்டோம், கிடைத்தது.

இக்காலத்தில் விஞ்ஞானிகள் மறுபடியும் இயற்கைப் பல்பகுதியங்களின் பக்கம் திரும்பியிருப்பது இதனாலேயே. அவர்கள் மிகுதியாக நாடுவது நம் வலையிலேயே வந்து விழுகின்ற இறால், நண்டு இவற்றின் ஓட்டை. ஓட்டிலுள்ள கைட்டின் என்னும் பல்பகுதியத்தைப் பிரான்சு தேசத்தவரான பிரக்கோனோ என்பவர் 1811இல் காளானிலிருந்து முதலிற் பிரித்தார். 1859இல் ரூஜே அதனைக் காரத்தோடு கொதிக்கவைத்து வேறொரு பொருளாக்கினார். அதற்குக் கைட்டோசான் என்று ஹோப்பே-ஸைலர் 1894இல் பெயரிட்டார். சற்றே புளித்த நீரில் கைட்டோசானின் சங்கிலி நேர்மின்னேற்றம் பெறுகின்றது. பற்றீரியாவின் மேற்புறமோ எதிர்மின்னேற்றமுடையது. ஆகையால் இரண்டும் ஒட்டிக்கொள்ள, கிருமியின் மென்சவ்வு குலைந்து உள்ளிருப்பது வெளியே கசிகின்றது. கொச்சியில் 1957இல் நிறுவப்பட்ட மத்திய மீன்வள தொழில்நுட்ப நிறுவனம் இறால் ஓட்டிலிருந்து இதை எடுக்கும் முறையை வகுத்தது. அமெரிக்காவில் குருதிப்பெருக்கை நிறுத்தும் காயக்கட்டுகளில் இது பயன்படுகின்றது. துவர் புரதத்தைக் கவ்வியும், ஓடு மின்னேற்றத்தால் ஒட்டியும் ஏறக்குறைய ஒரே காரியத்தைச் செய்கின்றன. பின்னதற்கு ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. முன்னதற்கு இக்கரையில் சாட்சி சொல்ல முதியவர்களின் ஞாபகமே உண்டு.

அந்த ஞாபகமும் குறைந்துகொண்டே வருகின்றது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கியபோது அம்பாறை மாவட்டத்தில் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு ஆகிய ஊர்களின் கடலோர வீதிகள் இருந்த இடம் தெரியாமற் போயின. மீன்வாடிகளும் தோணிகளும் பழைய தொழிற்கருவிகளும் அவற்றோடு போயின. அதன்பின் நிவாரணமாக வந்த வலைகள் யாவும் செயற்கை நூல். பருத்தி வலையைத் தொட்டு வளர்ந்தவர்கள் இன்று எண்பதைக் கடந்திருப்பார்கள்.

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. கடற்கரை அதற்கு நடைதூரம். அங்கே பயிலும் மாணவர்களில் எத்தனையோ பேருடைய பாட்டன்மார் கரைவலை இழுத்தவர்கள். எந்த மரத்தின் பட்டையை எந்த மாதத்தில் உரித்தார்கள், எத்தனை முறை ஊறவைத்தார்கள், பனிச்சங்காய் எவ்வூரிலிருந்து வந்தது, அவ்வேலையைச் செய்தவர் ஆணா பெண்ணா, அதற்குக் கூலி என்ன என்பவற்றை ஒரு குறிப்புப் புத்தகத்தில் அவர்கள் கேட்டு எழுதிவைப்பார்களாக. விடுமுறை வரும்வரை காத்திராமல், இந்தக் கச்சான் பருவத்திலேயே தொடங்கவேண்டும்.